தப்பான எரிபொருள் டேங்கில் இறங்கிவிட்டதா? முதலில் சாவியை எடுங்கள்

டீசல் காரில் பெட்ரோல் விழுந்ததால் மட்டும் வண்டி கெட்டுப்போவதில்லை. விழுந்த பிறகு ஸ்டார்ட் செய்தால்தான் கெட்டுப்போகிறது. டேங்கில் சும்மா கிடக்கும் பெட்ரோல் எதையும் தேய்க்காது. அதை இறக்கிக் கழுவி, சரியான எரிபொருள் போட்டால் சில ஆயிரம் ரூபாயோடு வேலை முடிந்துவிடும். ஸ்டார்ட் செய்து பத்துக் கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் அதே வண்டிக்கு ஹை பிரஷர் பம்ப், இன்ஜினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள், அவற்றுக்கு எரிபொருளைப் பங்கிடும் ரெயில் என்ற பொதுக் குழாய், பைப்புகள் என்று பில் லட்சத்தைத் தாண்டலாம். இரண்டுக்கும் இடையில் இருப்பது பங்க்கில் நாம் எடுக்கும் ஒரே ஒரு முடிவு.

ஏன் இப்படி என்பது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். டீசல் இன்ஜினில் பம்ப்புக்குத் தனியாக ஆயில் கிடையாது. இப்போது ஓடும் காமன் ரெயில் கார்களில் ஹை பிரஷர் பம்ப்பின் உள்பாகங்களுக்கு மசகு டீசல்தான். அந்தப் பம்ப் டீசலை 1,400 முதல் 2,000 பார் வரை அழுத்துகிறது. கார் டயரில் இருக்கும் காற்று இரண்டு பார் சொச்சம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த அழுத்தத்தில், சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில் உலோகம் உலோகத்தின் மேல் ஓடுகிறது. நடுவில் இருப்பது டீசலின் மெல்லிய படலம் மட்டும்.

பெட்ரோலுக்கு அந்த வழவழப்பு இல்லை. அது கரைப்பான். இருக்கும் படலத்தையும் கழுவிக்கொண்டு போய்விடும். இன்னொரு விஷயமும் உண்டு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது டீசலில் கந்தகம் 50 பி.பி.எம்.மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 பி.பி.எம்.முக்கு இறங்கியது. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பிலேயே டீசலின் இயல்பான வழவழப்பும் போய்விடுகிறது. அதை ஈடுகட்ட மருந்து சேர்த்துத்தான் விற்கிறார்கள். டீசலில் நனைத்து உலோகத்தை உரசும் சோதனையில் விழும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக்கூடாது என்பது தரக்கட்டுப்பாடு. ஆகவே இன்றைய டீசலில் வழவழப்பு தேவைக்குத்தான் இருக்கிறது, கொட்டிக் கிடக்கவில்லை. அதில் பெட்ரோல் கலந்தால் பம்ப்பின் உள்ளே உரசல் தொடங்கும். உரசலில் இரும்புப் பொடி உதிரும். அந்தப் பொடி ரெயிலுக்குப் போகும், இன்ஜெக்டர் முனைக்குப் போகும், ரிட்டர்ன் பைப் வழியாக டேங்குக்கே திரும்பி வரும். பம்ப்பை மட்டும் மாற்றி அனுப்பிய வண்டி சில நாளில் புதுப் பம்ப்போடு மறுபடி நிற்பது இதனால்தான்.

இதோடு எரிவதிலும் சிக்கல் இருக்கிறது. டீசல் அழுத்தத்தின் சூட்டில் தானாகப் பற்ற வேண்டியது. அதை அளக்கும் சீட்டேன் எண் குறைந்தது 51 இருக்க வேண்டும். பெட்ரோலோ அழுத்தத்தில் தானாகப் பற்றாமல் தாக்குப்பிடிப்பதற்காகவே செய்யப்பட்டது. அதை அளக்கும் ஆக்டேன் எண் நம்மூர் சாதா பெட்ரோலில் 91, அல்லது அதற்கும் மேல். இரண்டும் நேர் எதிரான குணங்கள். கலந்தால் பற்றத் தாமதமாகும், பிறகு மொத்தமாக வெடிக்கும். அந்தத் தட்டல் சத்தத்தைத்தான் முதலில் கேட்பீர்கள். பிக்கப் குறையும், புகை வரும், இன்ஜின் லைட் எரியும், பிறகு நின்றுபோகும்.

கொஞ்ச தூரம் நன்றாகத்தான் ஓடியது என்று பலர் சொல்வார்கள். ஓடத்தான் செய்யும். பைப்பிலும் ஃபில்டரிலும் பழைய டீசல் இருக்கிறதே, அது தீரும்வரை எந்த அறிகுறியும் தெரியாது. சில நூறு மீட்டரிலோ ஓரிரு கிலோமீட்டரிலோதான் கலவை பம்ப்பை எட்டும். நன்றாக ஓடுகிறது என்பதை வைத்து ஒன்றும் ஆகவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

பங்க்கிலேயே தெரிந்துவிட்டால்

நாசில் இன்னும் டேங்கில் இருக்கும்போதே தெரிந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். டிஸ்பிளேயில் எத்தனை லிட்டர் என்பதை அழிவதற்குள் போட்டோ எடுங்கள், போனை எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றே எடுங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள். சாவியை எடுத்துப் பையில் போட்டுவிடுங்கள்.

"சும்மா ஸ்டார்ட் பண்ணி ஓரமா விட்டுருங்க சார், பின்னாடி வண்டி நிக்குது" என்பார்கள். அங்கேதான் உறுதியாக இருக்க வேண்டும். ஓரம் கட்ட ஓடும் அந்த அரை நிமிடமே போதும், கலவை ஃபில்டர் வரை போய்விடும். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை 'ஆன்' வரை திருப்பினாலே பல கார்களில் டேங்குக்குள் இருக்கும் பம்ப் இரண்டு மூன்று நொடி ஓடி எரிபொருளை முன்னே தள்ளும். எல்லா மாடலிலும் அப்படி இல்லை. உங்கள் மாடல் எப்படி என்று அந்த இடத்தில் நின்று ஆராய வேண்டாம்.

வண்டியைத் தள்ளித்தான் நகர்த்த வேண்டும். சாவி போடும் வண்டியில் ஸ்டீயரிங் லாக் விடுபட முதல் நிலை வரை மட்டும் திருப்புங்கள். பட்டன் ஸ்டார்ட் என்றால் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை ஒரே ஒரு தடவை அழுத்துங்கள். பெரும்பாலும் அது ரேடியோ போன்றவை மட்டும் ஓடும் நிலையோடு நின்றுவிடும், இரண்டாவது தடவை அழுத்தினால்தான் 'ஆன்'. நியூட்ரலில் போட்டுத் தள்ளலாம். பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர் லீவர் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதற்குள் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தினால் லாக் விடுபட்டு நியூட்ரலுக்கு வரும். பட்டன் போலவோ திருகு போலவோ கியர் உள்ள வண்டிகளில் இது முடியாது. அவற்றில் முதலில் போனட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டியிலிருந்து ஃபியூவல் பம்ப் ஃபியூஸையோ ரிலேயையோ எடுத்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். எந்த ஃபியூஸ் என்று மூடியின் உள்பக்கம் படம் இருக்கும். இன்ஜின் ஓடாதபோது பிரேக் கல்லாக இருக்கும், ஸ்டீயரிங்கும் கனக்கும். சரிவில் தள்ளும்போது உள்ளே உட்காருபவர் பலமுள்ளவராக இருக்கட்டும், கை பிரேக்கில் கை இருக்கட்டும்.

"கொஞ்சம்தானே, மீதிக்கு டீசலை ரொப்பிவிடலாம்" என்ற யோசனையும் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 லிட்டர் டேங்கில் 10 லிட்டர் டீசல் இருந்தபோது 5 லிட்டர் பெட்ரோல் விழுந்தால் மூன்றில் ஒரு பங்கு பெட்ரோல். முழுக்க டீசல் ரொப்பினாலும் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும். அடர்த்தி வேறு என்பதால் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும் என்று நம்பவும் வேண்டாம், இரண்டும் முழுமையாகக் கலந்துவிடும். குளிர் நாடுகளில் டீசல் மெழுகாக உறையாமலிருக்க அந்தக் காலத்தில் கொஞ்சம் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கலந்தார்கள் என்பது உண்மை. அது பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளின் கதை. குவாலிஸ், பழைய சுமோ போன்றவை ஓரளவு தாங்கும். காமன் ரெயில் வண்டியில் ஒரு லிட்டருக்கு மேல் விழுந்திருந்தால் இறக்கிவிடுவதே சரி என்பேன். ரொப்புவதால் மிச்சமாகும் காசு பம்ப்பின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. மேலும் ரொப்பிய 35 லிட்டரும் சேர்ந்து வீணாகும்.

இறக்குவது

டேங்கின் கழுத்து (எரிபொருள் ஊற்றும் வாய்) வழியாகக் குழாய் விட்டு வாயால் உறிஞ்சி எடுக்கலாம் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். இப்போதைய கார்களில் வண்டி கவிழ்ந்தால் எண்ணெய் கொட்டாமலிருக்க வைத்த வால்வும் தடுப்பும் குழாயை உள்ளே விடாது. வாய்க்குள் போகும் பெட்ரோல் நுரையீரலுக்குள் இறங்கினால் ஆபத்து.

சரியான வழி, பின் சீட்டைத் தூக்கி அதன் அடியில் இருக்கும் மூடியைத் திறந்து, பம்ப் கூட்டைக் கழற்றி, அந்த வாய் வழியாக எடுப்பது. மூடி இல்லாத மாடல்களில் டேங்கையே இறக்க வேண்டியிருக்கும். டேங்க் பம்ப் மூலமே வெளியேற்றுவார்கள் சிலர். அப்படிச் செய்வதானால் பைப்பை ஃபில்டருக்கு முன்னால் கழற்றியிருக்க வேண்டும். ஹை பிரஷர் பம்ப்புக்குள் ஒரு சொட்டும் போகக்கூடாது.

இதில் பலர் கோட்டை விடுவது தீ விஷயத்தில்தான். டீசல்தானே, பற்றாது என்ற பழக்கத்தில் வேலை செய்வார்கள். டீசலின் ஆவி பற்றும் வெப்பநிலை 35 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்பது விதி. பெட்ரோலுக்கோ அது சுமார் மைனஸ் 40 டிகிரி. கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலே மொத்தமும் பெட்ரோலைப் போல நடந்துகொள்ளும். ஆகவே பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில், வெல்டிங்கும் கிரைண்டரும் ஓடாத இடத்தில் செய்ய வேண்டும். சர்வீஸ் குழிக்கு மேல் நிறுத்திச் செய்யவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், குழியில் போய்த் தேங்கி நிற்கும். பிடிக்கும் பாத்திரம் தகர கேனாக இருக்கட்டும், 20 லிட்டர் தண்ணீர் கேன் வேண்டாம், உராய்வில் மின்சாரம் சேரும். சாதாரண மின் மோட்டாரோ வேக்கம் கிளீனரோ வைத்து உறிஞ்சக் கூடாது. பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

காலியானதும் ஐந்து லிட்டர் சுத்தமான டீசல் ஊற்றி, வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டி, அதையும் இறக்குங்கள். டேங்கின் உள்ளே தடுப்புச் சுவர்களும் பம்ப் நிற்கும் கிண்ணமும் இருப்பதால் முதல் தடவையில் எல்லாம் வராது. டீசல் ஃபில்டரைப் புதிதாக மாற்றுங்கள். குறைந்தது 15, 20 லிட்டர் டீசல் போட்டு ஏர் எடுக்க வேண்டும், அதாவது பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் தலையில் கைப் பம்ப் இருந்தால் கெட்டியாகும்வரை அழுத்தலாம். இல்லையென்றால் சாவியை 'ஆன்' செய்து சில நொடி விட்டு அணைப்பதை நாலைந்து தடவை செய்து, அதன் பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும். ஏர் எடுக்காமல் விடாமல் செல்ஃப் அடித்தால் பம்ப் உலர்ந்து சுற்றும். பெட்ரோலால் வராத தேய்மானம் அதனால் வரும்.

ஓட்டியே விட்டால்

சத்தம் மாறியதுமே, பிக்கப் விழுந்ததுமே, ஓரம் கட்டி நிறுத்திவிடுங்கள். வீடு வரை, சர்வீஸ் சென்டர் வரை என்று இழுக்காதீர்கள். நெடுஞ்சாலையில் நின்றால் ஹஸார்டு லைட் போட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் நன்றாகத் தள்ளி வைத்து, எல்லோரும் சாலையோரத் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். ரெக்கவரி வண்டியில்தான் எடுத்துப் போக வேண்டும். இன்சூரன்ஸோடு வாங்கிய சாலை உதவித் திட்டம் பலருக்கு இருக்கும். தப்பான எரிபொருளுக்கும் வண்டி அனுப்பும் திட்டங்கள் உண்டு, பாலிசியில் பாருங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது, இரும்புப் பொடி இருக்கிறதா என்று பார்த்தார்களா என்பது. ஃபில்டரில் இருக்கும் எரிபொருளை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மினுமினுப்பு தெரியும். ஹை பிரஷர் பம்ப்பின் மேல் இருக்கும் அளவு வால்வைக் கழற்றி, அதன் முனையிலும் வலையிலும் பொடி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காந்தத்தையும் வைத்துப் பார்க்கலாம். பொடி இல்லையென்றால் பெரும்பாலும் தப்பித்தீர்கள். இறக்கி, கழுவி, ஃபில்டர் மாற்றி, ஸ்கேனரில் ரெயில் பிரஷர் கேட்ட அளவுக்கு வருகிறதா, ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்து, நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் அளவையும் பாட்டிலில் பிடித்து ஒப்பிட்டால் போதும். ஒன்று மட்டும் அதிகம் திருப்பி அனுப்பினால் அது தேய்ந்திருக்கிறது.

பொடி இருந்தால் மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். பம்ப், ரெயில், இன்ஜெக்டர்கள், ஹை பிரஷர் பைப்புகள் மாற வேண்டும், டேங்கும் ரிட்டர்ன் பைப்பும் சுத்தமாக வேண்டும். "பம்ப்பை மட்டும் இப்ப மாத்திக்கலாம் சார், மத்தது அப்புறம் பாத்துக்கலாம்" என்பது உதவியாகத் தோன்றும். பைப்பில் மிஞ்சிய ஒரு சிட்டிகை பொடி புதுப் பம்ப்பைத் தின்றுவிடும். கையில் காசு போதவில்லை என்றால் முழு வேலைக்கும் காசு சேரும்வரை வண்டியை நிறுத்திவைப்பது மேல்.

இன்ஜின் ஆயிலையும் மாற்றுங்கள். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் இறங்கும். டிப் ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருந்தாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ சந்தேகமே வேண்டாம். டூ ஸ்ட்ரோக் ஆயிலை டீசலில் கலந்தால் வழவழப்பு வரும் என்று சொல்வார்கள். புகை வடிகட்டி உள்ள பி.எஸ்.6 வண்டியில் அதன் சாம்பல் வடிகட்டியில் போய்த் தங்கும், செய்யாதீர்கள்.

பெட்ரோல் காரில் டீசல்

இது அவ்வளவு கொடியதில்லை. டீசலுக்கு வழவழப்பு இருப்பதால் பம்ப் தேயாது. ஆனால் ஆக்டேன் விழும், டீசல் சரியாக ஆவியாகாது, பிளக் கரி பிடிக்கும், வெள்ளைப் புகை அல்லது சாம்பல் புகை கக்கும், மிஸ்ஸிங் அடித்து நிற்கும். விடாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் எரியாத டீசல், சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய்ப் பின்னால் சூடேறி எரியும். இதில் பெரிய செலவு அந்தக் கன்வர்ட்டர்தான். நின்றுவிட்டால் விட்டுவிடுங்கள். இறக்கி, கழுவி, பிளக்கைத் துடைத்தோ மாற்றியோ, ஆயிலைப் பார்த்து, புது பெட்ரோல் போட்டால் கொஞ்ச நேரம் புகைத்துவிட்டுச் சரியாகிவிடும்.

நீல மூடி

மஹிந்திரா எக்ஸ்யூவி700, ஸ்கார்பியோ-என் போன்ற பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் டீசலைத் தவிர, புகையைச் சுத்தம் செய்யும் இன்னொரு திரவமும் தனி டேங்கில் ஊற்ற வேண்டியிருக்கிறது. ஆட்புளூ, டெஃப் என்று சொல்வார்கள். 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர். மூடி நீலமாக இருக்கும். இதை டீசல் டேங்கில் ஊற்றுவதும் டீசலை இதில் ஊற்றுவதும் பெட்ரோல் தவறைவிட மோசம் என்று துணிந்து சொல்லலாம்.

இது டீசலோடு கலக்காது. தண்ணீரைவிடவும் கனம் என்பதால் டேங்கின் அடிக்குப் போய், பம்ப் உறிஞ்சும் இடத்திலேயே நிற்கும். பம்ப்பை எட்டினால் துருப்பிடிக்கும், காய்ந்தால் வெள்ளைப் படிகமாகி ஊசித் துளைகளை அடைக்கும். ஒரு டம்ளர் அளவு விழுந்தாலும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. எதிர்ப்பக்கம், யூரியா டேங்கில் டீசல் விழுந்தால் அங்கிருக்கும் ரப்பர் சீல்கள் ஊறிப் பருத்துவிடும். தெளிக்கும் பம்ப், டேங்க், பைப் என்று அந்த அமைப்பே மாற வேண்டிவரும். பங்க் ஊழியரிடம் விடாமல் வீட்டில் நீங்களே, கேனோடு வரும் குழாயை மாட்டி ஊற்றுவது நல்லது. டீசலுக்குப் பயன்படுத்திய புனலை இதற்குத் தொடவே வேண்டாம்.

யார் தவறு, என்ன கேட்கலாம்

கோபத்தில் பங்க் பையனைத் திட்டித் தீர்ப்பதால் ஒன்றும் கிடைக்காது. அவர் நின்றபடியே ஒரு நாளில் எத்தனையோ வண்டிக்கு ஊற்றுகிறார், அவர் சம்பளத்தில் பிடிக்கப்போகிறார்கள் என்ற பயத்தில் உண்மையை மறைக்கவும் கூடும். மேனேஜரிடம் பேசுங்கள். பில்லைக் கேட்டு வாங்குங்கள். அதில் எம்.எஸ். என்று இருந்தால் பெட்ரோல், ஹெச்.எஸ்.டி. என்று இருந்தால் டீசல். எந்த நாசில், எத்தனை லிட்டர், என்ன நேரம் என்பதும் இருக்கும். கேமரா பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்து, பங்க்கில் இருக்கும் புகார்ப் புத்தகத்திலும் எழுதுங்கள். இறக்கும்போது இரண்டு மூன்று மாதிரி எடுத்து, சீல் வைத்து, இரு தரப்பும் கையெழுத்துப் போடுவது பின்னால் மிகவும் உதவும்.

பில் சரியாக இருந்தும் வண்டி நின்றால், பங்க்கின் நிலத்தடி டேங்கிலேயே தப்பான சரக்கு இறங்கியிருக்கலாம், தண்ணீர் புகுந்திருக்கலாம். மற்ற வண்டிகளும் நிற்கின்றனவா என்று விசாரியுங்கள். சோதித்துக் காட்டச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டால் பெட்ரோல் ஓரிரு நிமிடத்தில் ஆவியாகிவிடும், டீசல் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும். பெட்ரோல் கலந்த டீசலை இதில் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு அடர்த்திதான் வழி. 15 டிகிரிக்குத் திருத்திய கணக்கில் ஒரு கன மீட்டருக்குப் பெட்ரோல் 720 முதல் 775 கிலோ வரை, டீசல் 810 முதல் 845 கிலோ வரை இருக்க வேண்டும். டீசல் என்று கொடுத்தது 790 காட்டினால் கலப்பு. வெயிலில் அளந்தால் எண் இறங்கித் தெரியும், திருத்த அட்டவணையோடு பார்க்கச் சொல்லுங்கள்.

பங்க்கில் முடியவில்லையென்றால் எண்ணெய் நிறுவனத்தின் புகார் எண், அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். தெரிந்த பிறகும் ஓட்டினீர்களா என்பதுதான் அங்கே உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வியாக இருக்கும். இன்சூரன்ஸை நம்பியிருக்க வேண்டாம். இதை விபத்தாக ஏற்காத பாலிசிகளே அதிகம், கம்பெனி வாரண்டியும் தப்பான எரிபொருளுக்குப் பொருந்தாது.

வராமல் பார்த்துக்கொள்ள

நம்மூரில் இந்தத் தவறு ஏன் நடக்கிறது என்றால், ஒரே பெயரில் இரண்டு எரிபொருளிலும் வண்டிகள் ஓடுகின்றன. மாருதி 2020-ல் டீசலை நிறுத்திவிட்டது. அதனால் ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா வந்தாலே பெட்ரோல்தான் என்று புதிதாக வேலைக்கு வந்தவர்களின் கை போகிறது. 2020-க்கு முந்தைய டீசல் டிசையர் வைத்திருப்பவர்கள்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். பிரெஸ்ஸா இன்னும் மோசம், முதலில் டீசலில் மட்டும் வந்தது, 2020 முதல் டீசலே இல்லை. டொயோட்டாவில் கதை தலைகீழ். இன்னோவா என்றாலே டீசல் என்று ஊருக்கே தெரியும். ஆனால் ஹைகிராஸுக்கு பெட்ரோல்தான். தார், எக்ஸ்யூவி700 இரண்டிலும் இரண்டும் உண்டு, மஹிந்திரா என்றதும் டீசல் என்று நினைத்துவிடுவார்கள்.

நாசில் அளவு காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். பெட்ரோல் கழுத்து குறுகலாக இருப்பதால் தடித்த டீசல் நாசில் பல வண்டிகளில் நுழையாது. டீசல் கழுத்து அகலம், பெட்ரோல் நாசில் சுலபமாகப் போய்விடும். கேடு அதிகம் உள்ள பக்கத்தில்தான் தடுப்பு இல்லை. நிறத்தையும் நம்ப முடியாது. பிரிட்டனில் பச்சை பெட்ரோல், கறுப்பு டீசல். அமெரிக்காவில் பல இடங்களில் பச்சைதான் டீசல். வெளிநாட்டிலிருந்து வந்து வாடகைக் கார் எடுப்பவர்களும், இங்கிருந்து போய் அங்கே தாமே ஊற்றுபவர்களும் எழுத்தைப் படித்துவிட்டுத்தான் நாசிலைத் தூக்க வேண்டும்.

விலை அதிகமுள்ள ரகங்களின் பெயர்களும் குழப்பும். ஸ்பீடு, பவர், எக்ஸ்பி95 எல்லாம் பெட்ரோல். எக்ஸ்ட்ரா கிரீன், டர்போஜெட் இரண்டும் டீசல். சாதா டீசலுக்கே ஹை ஸ்பீடு டீசல் என்று பெயர் இருக்கும்போது, டீசல் வண்டியில் உட்கார்ந்துகொண்டு "ஸ்பீடு போடுங்க" என்றால் என்ன ஆகும்? ரகத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். "அக்கா, டீசல், ஆயிரம் ரூபாய்க்கு" என்று எரிபொருளை முதலில், ரூபாயைப் பிறகு சொல்லுங்கள். "ஆயிரத்துக்குப் போடுங்க" என்று மட்டும் சொன்னால் மீதியை அவர்களே ஊகிக்க வேண்டும்.

"ஜீரோ பாத்துக்கங்க சார்" என்று சொல்லிச் சொல்லி நம் கண்ணெல்லாம் ஜீரோவிலேயே நின்றுவிட்டது. அளவு குறைந்தால் நஷ்டம் நூறு ரூபாய், சரக்கு மாறினால் லட்சம். ஜீரோவைப் பார்க்கும் அதே பார்வையில் லிட்டர் விலையையும் பாருங்கள். தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளில் பெட்ரோல் நூறைத் தாண்டியும் டீசல் தொண்ணூறு சொச்சத்திலும் நிற்கிறது. டீசல் வண்டிக்கு மூன்று இலக்க விலை ஓடினால் கையைத் தூக்குங்கள். ஏசி போட்டுக்கொண்டு உள்ளேயே உட்காராமல் இன்ஜினை நிறுத்தி, இறங்கி, மூடி பக்கம் நின்றால் பாதிப் பிரச்சினை இல்லை. யுபிஐ போடுவதை நாசில் வெளியே வந்த பிறகு செய்யலாம்.

வாடகைக்கோ இரவலாகவோ எடுத்த காரில் என்ன போடுவது என்று தெரியாவிட்டால் முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பதிவு ஸ்டிக்கரைப் பாருங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் வெளிர் நீலம் என்றால் பெட்ரோல் அல்லது சி.என்.ஜி., ஆரஞ்சு என்றால் டீசல். மேலே பச்சைப் பட்டை இருந்தால் அது பி.எஸ்.6 என்பதைத்தான் சொல்கிறது, எரிபொருளை அல்ல. பழைய வண்டியில் சாவி திருப்பியதும் சுருள் கம்பி போன்ற விளக்கு எரிந்தால் டீசல். ஆர்.பி.எம். மீட்டரில் சிவப்புக் கோடு 4,500, 5,000 பக்கம் தொடங்கினாலும் டீசல்தான், பெட்ரோலுக்கு 6,000 வாக்கில் தொடங்கும்.

டேங்க் மூடியின் உள்பக்கம் கம்பெனி ஒட்டிய எழுத்து ஆங்கிலத்தில் பொடியாக இருக்கும், இரண்டு மழைக்காலத்தில் மங்கிவிடும். ஸ்டிக்கர் கடையில் "டீசல் மட்டும்" என்று தமிழில், இரண்டு அங்குல எழுத்தில் வெட்டி ஒட்டுங்கள், செலவு நூறு ரூபாய்கூட ஆகாது. மூடியைத் திறந்தவுடன் நாசில் பிடித்தவர் கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும். வீட்டில் ஒரு கார் பெட்ரோலும் இன்னொன்று டீசலுமாக இருந்தால் இரண்டு சாவியிலும் வேறு வேறு நிற வளையம் போட்டு எழுதி மாட்டுங்கள். வண்டியை பங்க்குக்கு எடுத்துப்போகும் டிரைவரிடமும் மச்சானிடமும் "தப்பாப் போட்டுட்டா ஸ்டார்ட் பண்ணாம எனக்கு போன் பண்ணு, நான் திட்ட மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். திட்டுக்குப் பயந்து ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்த வண்டிகளில்தான் பம்ப் போகிறது.

இறக்கிய கலவையை என்ன செய்வது என்றும் கேட்பார்கள். பைக்கில் ஊற்றாதீர்கள், ஜெனரேட்டரில் ஊற்றாதீர்கள், பாகம் கழுவ வைத்துக்கொள்ளாதீர்கள், சாக்கடையில் நிச்சயம் ஊற்றாதீர்கள். மூடி போட்ட தகர கேனில் அடைத்து, "கலப்பு, பெட்ரோல் உள்ளது" என்று எழுதி, கழிவு எண்ணெயை முறைப்படி அனுப்பும் ஒர்க்‌ஷாப்பிடம் அன்றைக்கே ஒப்படைத்துவிடுங்கள்.